அப்பத்தா கையில் ஒரு துணைக்கால் குறைகிறது

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பி வரும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பெண்களுக்கு வளையல், பிள்ளைகளுக்குப் பலூன், எல்லோருக்கும் பொரியும் பேரீச்சம்பழமும். இந்த முறை அண்ணன் மகன் மட்டும் ஒன்றும் வாங்காமல் வந்தான். ஆனால், செல்போனில் ஒரு படம் வைத்திருந்தான்.

"அத்தே, இதப் பாருங்க. இதைத்தான் புஜத்துல குத்தலாம்னு இருக்கேன். திருவிழாக் கடையிலயே குத்துறாங்க. கூட்டமா இருந்துச்சு, அதான் வந்துட்டேன். நாளைக்குப் போகணும்."

படத்தில் ஏணி போல ஒரு குறி. பக்கத்தில் இரண்டு கோடுகள். கீழே, 'கீழடியில் கிடைத்த 2,600 ஆண்டுப் பழமையான தமிழ்க் குறியீடு. பொருள்: தோல்வி அறியாதவன்' என்று எழுதியிருந்தது. விரலால் தள்ளினால் அடுத்தடுத்து இருபது குறிகள். ஒன்று வீரமாம், ஒன்று காதலாம், ஒன்று செல்வமாம்.

"இதுக்கு இதுதான் அர்த்தம்னு யாருப்பா சொன்னது?"

"அதுல போட்டிருக்காங்கள்ல!"

"போட்டது யாரு?"

பதில் இல்லை. திண்ணையில் படுத்திருந்த அப்பத்தாதான் தலையைத் தூக்கினார். "எதைக் குத்தப் போறானாம்?"

அவருக்கு வயது 86. அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த வாரக் கட்டுரை பிறந்தது.

அந்தக் காலத்து மை

அப்பத்தாவின் வலது முன்கையில் ஒரு புள்ளிக் கோலம். அதற்குக் கீழே ஒரு தேள். இடது முன்கையில் ஒரு பெயர். மூன்றும் பத்து வயதில் குத்தியவை. "பச்ச குத்தலையோ பச்ச" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த குறவர் சமூகத்து அம்மா ஒருவர், இதே திண்ணையில் உட்கார்ந்து குத்தினாராம். கூலி, படி நெல்லும் கொஞ்சம் புளியும்.

அந்த மையை எப்படிச் செய்தார்கள் என்பது அச்சில் பதிவாகியிருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் அதை விவரித்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் அம்மியில் வைத்து அரைக்க வேண்டும். அதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்ற வேண்டும். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் உள்பக்கம் கரி படியும். அதைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. நாலைந்து தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் கருவி. குத்தி முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, வீங்காமல் இருக்க மஞ்சள் பூசுவார்கள். வலியை மறக்கப் பாட்டும் பாடுவார்கள்.

"பாட்டு ஞாபகம் இருக்கா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"நான் அழுத அழுகையில பாட்டு எங்கிட்டுக் கேட்டுச்சு!" என்றார்.

கரி கறுப்புதானே, பிறகு ஏன் 'பச்சை' என்கிறோம்? தோலுக்கு அடியில் போன கரித்துகளைத் தோலின் வழியாகப் பார்க்கிறோம். ஒளி சிதறுவதால் அது நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறது. கையில் புடைத்த ரத்தக்குழாய் பச்சையாகத் தெரிவது போலத்தான்.

ஏன் அழிவதில்லை? தோலின் மேலடுக்கு சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். ஊசியோ அதைத் தாண்டி இரண்டாவது அடுக்கில் மையை இறக்குகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள், வந்தவன் அந்நியன் என்று மைத்துகளை விழுங்குகின்றன. ஆனால், செரிக்க முடிவதில்லை. அந்த அணு இறந்தால், சிந்திய துகளைப் பக்கத்து அணு எடுத்துக்கொள்கிறது. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளிடம் சோதித்து இதைக் காட்டினார்கள். அப்பத்தா கையில் 76 ஆண்டுகளாக நடப்பது இந்தக் கைமாற்றல்தான்.

வாசலில் இருப்பதே கையிலும்

தேள், மீன், பறவை, பூ, நாமம், தமிழில் பெயர் ஆகியவை அந்தக் காலத்தில் அதிகம் குத்தப்பட்டவை என்று தர்ஸ்டன் எழுதுகிறார். சிங்கமும் சிறுத்தையும் அன்றைய பட்டியலில் இல்லை. அன்றாடம் வீட்டிலும் வயலிலும் கண்ணில் படுபவையே கைக்கு வந்தன. எங்கள் பக்கம் தேள் குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்பார்கள். "கொட்டலையா அப்பத்தா?" என்றால், "ரெண்டு தரம் கொட்டிருச்சு" என்று சிரிக்கிறார்.

கோலத்துக்கு வேறொரு கதை. புள்ளிகளைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் அந்தக் கோட்டைப் பாருங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும். கெட்டது எதுவும் வாசலுக்கு வந்தால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு உள்ளே வரத் தெரியாமல் நின்றுவிடும் என்பது ஒரு நம்பிக்கை. இங்கிலாந்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ஜான் லேயார்ட், தென்னிந்தியாவின் வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் ஒப்பிட்டு 1937-ல் கட்டுரை எழுதினார். வாசலைக் காக்கும் அதே கோலம் உடம்பையும் காக்கிறது என்கிற வழியில் அவர் சிந்தனை போனது.

அப்பத்தாவுக்கு லேயார்டும் தெரியாது, மானுடவியலும் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "செத்தா தோடு, வளையல் எல்லாத்தையும் கழட்டிக்கிருவாக. இது ஒண்ணுதான் கூட வரும்."

இந்தக் கோலத்துக்கு அர்த்தம் சொல்ல ஊரில் பத்துக் கிழவிகள் இருந்தார்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்லலாம். ஆனாலும் அதைப் போட்டவர்கள், குத்திக்கொண்டவர்கள், பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள்.

பானை ஓட்டின் அர்த்தம்

இனி மருமகன் செல்போனில் இருந்த குறிக்கு வருவோம்.

கீழடி நமக்கு அந்நியமில்லை. எங்கள் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகைதான் மதுரையைத் தாண்டிக் கீழடிப் பக்கம் போகிறது. அங்கே மத்தியத் தொல்லியல் துறை 2014-15-ல் அகழாய்வைத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. மாநிலத் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1,001 பானை ஓடுகளில் கீறல் குறிகள் இருந்தன. 56 ஓடுகளில் தமிழி எழுத்துகள் இருந்தன.

இந்த இரண்டும் வெவ்வேறு என்பதுதான் விஷயமே.

தமிழி என்பது எழுத்து. அறிஞர்களால் அதைப் படிக்க முடியும். கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்களைப் படித்திருக்கிறார்கள். கீறல் குறி அப்படியல்ல. மீன் போல இருக்கிறது, ஏணி போல இருக்கிறது, அம்பு போல இருக்கிறது என்று நாம் அடையாளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஏணி போல இருப்பதால் அதற்கு 'ஏற்றம்' என்று பொருள் ஆகிவிடாது. பானையின் சொந்தக்காரர் அடையாளமாக இருக்கலாம், குலக் குறியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத்துச் சொல்கிறார்கள். 'இதுதான் பொருள்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விடை இன்றுவரை இல்லை.

தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக கா.ராஜனும் இரா.சிவானந்தமும் செய்த ஆய்வு 2025 ஜனவரியில் வெளியானது. தமிழகத்தின் 140 இடங்களில் கிடைத்த குறிகளைத் தொகுத்துச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு வடிவ ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார்கள். கவனியுங்கள், வடிவம் மட்டும்தான். அதே மாதம் சென்னையில் நடந்த சிந்துவெளி நூற்றாண்டுக் கருத்தரங்கில், சிந்துவெளி எழுத்தைச் சரியாகப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

"பத்து லட்சம் டாலரா!" என்றான் மருமகன்.

"ஆமா. ஒன் செல்போன்ல அர்த்தம் எழுதுனவருக்கு நெசமாவே தெரிஞ்சிருந்தா, இந்நேரம் சென்னையில இருக்க மாட்டாரா?"

அவன் சிரித்துவிட்டான். அந்தக் குறியை ரசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 'எங்கள் ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் தன் பானையில் கீறிய குறி, என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது' என்று சொல்லி ஒருவர் குத்திக்கொண்டால் அது அழகு, உண்மையும்கூட. 'தோல்வி அறியாதவன்' என்று சொல்லிக் குத்திக்கொண்டால், நாளைக்கு யாராவது கேட்கும்போது நாம்தான் விழிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. டாட்டூ கடைகளின் படப் புத்தகத்தில் 'வைகிங் திசைகாட்டி' என்று ஒரு வட்ட வடிவம் இருக்கும். எட்டுத் திசையிலும் கம்பி நீட்டியது போல இருக்கும். வைகிங்குகள் கடலில் வழி தவறாமல் இருக்க வைத்திருந்தது என்பார்கள். வைகிங் காலம் 11-ம் நூற்றாண்டோடு முடிந்தது. அந்தப் படம் இருப்பதோ 19-ம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் படியில்!

சில சின்னங்களுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் போடும் ஸ்வஸ்திகா மங்கலச் சின்னம். அதைப் பார்க்கும் ஐரோப்பியருக்கு ஹிட்லரின் கொடி ஞாபகம் வரும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது சட்டப்படி குற்றம். வழிபாட்டுச் சின்னம் என்று விளக்கலாம்தான். ஆனால், வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகும் பிள்ளை, போகிற இடமெல்லாம் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

படிக்கத் தெரிந்த கல்

பழமை வேண்டும், அர்த்தமும் தெரிய வேண்டும் என்றால் எங்கள் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது.

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்ற ஊர். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் 2006-ல் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தார்கள். கி.மு. காலத்தவை. இந்தியாவின் மிகப் பழைய எழுத்துடைய நடுகற்களில் இவையும் உண்டு. அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் மாடு பிடிக்க நடந்த சண்டையில் இறந்துபோன 'அந்தவன்' என்பவனுக்கு நட்ட கல். அந்தக் கூடல் ஊர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்தக் கல்லில் ராஜா இல்லை, வில் இல்லை, புலி இல்லை. உருவமே இல்லை. மாட்டுக்காகச் செத்த ஒருவனின் பெயரும் ஊரும் காரணமும் மட்டும்தான். யாரோ அவனை மறக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

கீழடிப் பானையில் பெயர். புலிமான்கோம்பைக் கல்லில் பெயர். அப்பத்தாவின் இடது கையிலும் பெயர்.

அந்தப் பெயர் அவருடைய மூத்த அண்ணனுடையது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பட்டாளத்துக்குப் போனவர். பர்மாப் பக்கம் போனதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு செய்தியே வரவில்லை. அப்போது அப்பத்தாவுக்கு ஐந்து வயது. ஐந்து வருடம் கழித்துப் பச்சை குத்தும் அம்மா தெருவுக்கு வந்தபோது, அவரின் தாய் மகளைப் பிடித்து உட்காரவைத்து, "இவ கையில எம்மகன் பேர எழுது" என்றாராம்.

தாய்க்கும் மகளுக்கும் எழுத்துத் தெரியாது. குத்திய அம்மாவுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் யாரோ கரியால் தரையில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்துக் குத்தியிருக்கிறார்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எழுத்துக்கூட்டி வாசித்துக் கண்டுபிடித்தேன். 'ரா' என்று வர வேண்டிய இடத்தில் 'ர' என்றுதான் இருந்தது. "அப்பத்தா, ஒரு துணைக்கால் இல்ல!" என்று கத்தினேன். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் கையோடு வாழ்ந்தவர், அன்றைக்குத்தான் அதைத் தெரிந்துகொண்டார்.

ஊசிக்கு முன்னால்

பிள்ளைகளைப் 'பச்சை குத்தாதே' என்று தடுக்க நான் வரவில்லை. தடுத்தால் நிற்கவும் மாட்டார்கள். குத்துவதற்கு முன்னால் சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*எந்த இடத்தில்?* எங்கள் மாவட்டத்தில் விடிகாலையில் மைதானங்களைச் சுற்றிப் பார்த்தால் தெரியும், ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஓடிப் பழகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று. என் மருமகனும் அதில் ஒருவன். இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விதிப்படி, நிரந்தரப் பச்சை முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும்தான் இருக்கலாம். புஜம், கழுத்து, மார்பில் இருந்தால் தேர்வு கிடையாது. பழங்குடியினருக்கு அவர்களின் மரபை மதித்துத் தனி விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் சல்யூட் அடிக்காத இடது கைக்குத்தான் அனுமதி, அதிலும் அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது மருமகன் முகம் மாறிவிட்டது. அவன் குத்த நினைத்த இடம் புஜம். ஒன்றரை வருட ஓட்டம், தண்டால், பட்டினி எல்லாம் அரை மணி நேர ஊசியில் வீணாகியிருக்கும்.

*எந்த ஊசி?* திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியும் ஒரே மைக்குப்பியும் எத்தனை பேருக்கு என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஊசி வழியாக ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போனால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரவ வாய்ப்பு இருக்கிறது. துடைத்துவிட்டால் சரியாகாது, வெந்நீரில் நனைத்தாலும் சரியாகாது. உறையைப் பிரித்து உங்கள் கண் முன்னால் புது ஊசி மாட்ட வேண்டும். மையைச் சிறு மூடியில் தனியாக ஊற்ற வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். இதைக் கேட்டால் கோபப்படும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சி-க்கு இல்லை.

*யாருக்கு வேண்டாம்?* சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சின்னக் காயமும் தடித்து மேடாகும் உடம்புக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். கர்ப்பிணிகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 18 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

*ரத்த தானம்?* தேசிய வழிகாட்டுதல்படி, குத்திய நாளிலிருந்து 12 மாதங்கள் ரத்தம் கொடுக்க முடியாது. தவறாமல் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

*என்ன எழுத்து?* பெயரோ வாசகமோ என்றால், காகிதத்தில் எழுதி இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். தெரியாத மொழியில் இருந்தால், அந்த மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள். லேசரில் அழிக்கலாம்தான். ஆனால், பல அமர்வுகள் ஆகும், குத்திய காசைவிடப் பல மடங்கு செலவாகும், அப்படியும் தடம் முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை

மருமகன் திருவிழாக் கடைக்குப் போகவில்லை. திண்ணையில் அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அப்பத்தா, ஒங்க கையில இருக்க கோலத்த எனக்குப் போட்டுக் காட்டுங்க."

செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் திண்ணையில் புள்ளி வைத்தார். வளைத்து இழுத்தார். பாதிக் கோலம் போடுவதற்குள் முதல் பாதி காய்ந்துவிட்டது. இரண்டாவது முறை போட்டபோதும் காய்ந்தது. மூன்றாவது முறை அவனே விரலை நனைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லப் போட்டு, காய்வதற்குள் போட்டோ எடுத்துக்கொண்டான்.

"குத்தப் போறியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல செலக்சன் முடியட்டும் அத்தே. அப்புறம் பாப்போம். குத்துனாலும் உள்கையிலதான்."

எழுந்திருக்கும்போது இடது கைப் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அப்பத்தா, இப்ப நல்ல கடை இருக்கு. புது ஊசி. ஒரு கோடு போட்டா துணைக்கால் வந்துரும். சேத்துக்கிருவமா?"

அப்பத்தா கையை இழுத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"வேணாம்யா. எங்க ஆத்தா சாகுற வரைக்கும் தெனமும் ராத்திரி தடவிப் பாத்த எழுத்து இது. இப்படியே இருக்கட்டும்."

உங்கள் வீட்டுப் பெரியவர் கையிலும் ஒரு கோலமோ தேளோ பெயரோ இருக்கலாம். அதற்கு அர்த்தம் செல்போனில் கிடைக்காது. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.